ஏழைக் குடும்பங்களுக்கு அரசு தரும் இலவச சோலாரை நம்பிப் பொருத்திக்கொள்ளலாமா?

"எங்களுடையது வருமானம் குறைந்த குடும்பம். அரசு இலவசமாக சோலார் தருவதாகச் சொல்கிறார்கள். பொருத்திக்கொண்டால் பிற்பாடு ஏதேனும் தொல்லை வருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் தமிழ்நாட்டில் ஒரு தொகுப்பு வீட்டிலோ சிறிய மாடி வீட்டிலோ இருக்கிறீர்கள் என்றும், யாரோ ஒரு முகவர் வந்து "ஒரு பைசா செலவில்லை" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்றும் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். உங்கள் நிலைமை வேறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொருத்திக்கொள்ளலாம். ஆனால் பேட்டரியோ வேறு பாகமோ பழுதானால் யாரிடம் போக வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் கையெழுத்துப் போடாதீர்கள். இதை நான் செய்தித்தாளில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. அரசு இலவசமாகப் பொருத்திய சோலார் விளக்கின் கீழ் அமர்ந்து படித்துத்தான் நான் பிளஸ் டூ தேர்வு எழுதினேன்.

2011-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு, முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஊரகத்தில் சொந்த மனை வைத்திருந்தும் வீடு கட்ட வழியில்லாத குடும்பங்களுக்கு 300 சதுர அடியில் கான்கிரீட் கூரை போட்ட வீடு, அதன்மேல் ஒரு சோலார் பேனல், கூடம், படுக்கையறை, சமையலறை, கழிப்பறை, வராந்தா ஆகிய ஐந்து இடங்களிலும் சோலாரில் எரியும் விளக்கு ஒவ்வொன்று. ஆண்டுக்கு 60,000 வீடுகள் வீதம் ஐந்தாண்டுகளில் 3 லட்சம் வீடுகள் கட்டுவது நோக்கம். தொடக்கத்தில் ஒரு வீட்டுக்கு 1.80 லட்சம் ரூபாய் ஒதுக்கினார்கள், அதில் 1.50 லட்சம் கட்டுமானத்துக்கு, 30,000 சோலார் விளக்குகளுக்கு. பயனாளிகளின் பட்டியலுக்குக் கிராம சபையின் ஒப்புதல் வேண்டும்.

எங்கள் பெயரும் பட்டியலில் வந்தது. என் பெற்றோர் இருவரும் விவசாயக் கூலிகள். திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் கூரை வீட்டில் இருந்தோம். மனைப் பட்டா தாத்தாவின் பெயரில் இருந்ததால் அதை அப்பாவின் பெயருக்கு மாற்றுவதற்கே நான்கு மாத அலைச்சல். 1.50 லட்சத்தில் வீடு முடியாது என்பது கொத்தனாருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். மூன்று வட்டிக்குக் கடன் வாங்கினோம். அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. செங்கல்லும் மணலும் சுமந்தது எங்கள் வீட்டு ஆட்களே. "ஓசியில் வீடு வாங்கியவர்கள் குறை சொல்லலாமா?" என்று இந்தப் பதிலின் கீழே யாராவது கேட்பார்கள் என்பதால்தான் இதை முன்கூட்டியே எழுதி வைக்கிறேன். அரசு கொடுத்ததை நன்றியோடுதான் ஏற்றோம். ஆனால் அந்த வீட்டின் சுவரில் எங்கள் கடனும் உழைப்பும் கலந்திருக்கின்றன.

2012 டிசம்பரில் சோலார் பொருத்த ஆட்கள் வந்தார்கள். அந்த ஆண்டின் மின்வெட்டு நினைவிருப்பவர்களுக்குத் தெரியும்: சென்னையில் இரண்டு மணி நேரம் என்றால், வெளி மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இருக்காது. மாலை ஆறு மணிக்குப் போனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மார்ச்சில் எனக்குப் பொதுத்தேர்வு. அதுவரை மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் கண் எரிய எரியப் படித்துக்கொண்டிருந்தேன். சோலார் வந்த அன்று இரவு ஊர் முழுவதும் இருண்டு கிடக்க, எங்கள் வீட்டு வராந்தாவில் மட்டும் வெள்ளை வெளிச்சம் விழுந்தது. மறுநாளிலிருந்து எங்கள் தெருவில் பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் படித்த ஆறு பிள்ளைகள் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு எங்கள் வராந்தாவுக்கு வந்துவிட்டார்கள். யாரையும் வராதே என்று அம்மா சொன்னதில்லை. வராந்தா விளக்குக்குச் சார்ஜ் நிற்க வேண்டும் என்பதற்காகச் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, அடுப்பு வெளிச்சத்திலேயே சமைத்தார். அந்த ஆறு பேரும் தேர்ச்சி பெற்றார்கள். இப்போது நான் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். இலவசத் திட்டங்கள் மக்களைச் சோம்பேறிகளாக்குகின்றன என்று யாராவது பேசினால் எனக்கு நினைவுக்கு வருவது அந்த வராந்தாதான்.

ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் நன்றாக எரிந்தன. பிறகு இரவு பத்து மணி வரை எரிந்த விளக்குகள் எட்டரைக்கே மங்கின; சில மாதங்களில் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. பேனல்தான் கெட்டுவிட்டது என்று அப்பா நினைத்தார். உண்மையில் கெட்டது பேட்டரி. எங்களுக்குக் கொடுத்தது தண்ணீர் ஊற்றிப் பராமரிக்க வேண்டிய பேட்டரி. சார்ஜ் ஏறும்போது அதிலுள்ள நீர் சிறிது சிறிதாகக் குறையும். அவ்வப்போது மூடியைத் திறந்து பார்த்து, மட்டம் இறங்கியிருந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். ஊற்றாவிட்டால் உள்ளே இருக்கும் தகடுகள் வெளியே தெரிந்து காய்ந்து, மின்சாரத்தைப் பிடித்துவைக்கும் ஆற்றலை இழந்துவிடும். பொருத்த வந்தவர்கள் சுவிட்சைப் போட்டுக் காட்டி, அப்பாவிடம் கைரேகை வாங்கி, பேனலோடு ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வருடம் என் இயற்பியல் பாடநூலில் காரீய அமிலச் சேமக்கலம் பற்றிய பகுதி இருந்தது. படம் வரைந்து பாகம் குறித்து மனப்பாடம் செய்தேன். நான் படித்துக்கொண்டிருந்த விளக்கை எரிப்பதும் அதே சேமக்கலம்தான், அது மூலையில் தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கிறது என்பது எனக்குத் தோன்றவில்லை. இன்றும் அதை நினைத்தால் மனம் வலிக்கிறது.

பேட்டரிப் பெட்டியில் ஒட்டியிருந்த எண்ணுக்கு அழைத்தோம். அந்த எண் பயன்பாட்டில் இல்லை. அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அலுவலகத்துக்குப் போனார். வீடு ஒப்படைத்தாகிவிட்டது, இனி அது உங்கள் பொறுப்பு என்று சொல்லி அனுப்பினார்கள். இதற்கிடையில் விளக்குகளும் ஒவ்வொன்றாக அணைந்தன. அவை 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் எரிபவை; எங்கள் ஊர்க் கடையில் கிடைக்காது, தாலுகா தலைமையிடத்தில் கேட்டாலும் கிடைக்கவில்லை. தெருவில் இருந்த மற்றப் பசுமை வீடுகளிலும் இதே கதைதான். ஒரு வீட்டில் செத்த பேட்டரியைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டார்கள். இன்னொரு வீட்டில் பேனலின் மேல் வற்றல் காயவைக்கிறார்கள். அதற்காக அவர்களை யாரும் பழிக்க வேண்டாம். எப்படிப் பராமரிப்பது என்று சொல்லித்தராமலும், மாற்றுப் பொருள் கிடைக்கும் கடையைக் காட்டாமலும் ஒரு கருவியைக் கொடுத்தால், படித்தவர் வீட்டிலும் அது அப்படித்தான் முடியும்.

ஒரே தெருவை வைத்து மாநிலத் திட்டத்தையே எடைபோடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நல்லபடியாகப் பராமரிக்கப்பட்ட ஊர்களும் இருக்கலாம். இருந்தால் எனக்கு மகிழ்ச்சியே. நான் எந்தக் கட்சிக்காகவும் எழுதவில்லை. பேனல் என்பது இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்கும் பொருள். பேட்டரி நான்கைந்து ஆண்டுப் பொருள். இந்த இரண்டையும் ஒரே நாளில் கொடுத்துவிட்டு ஒரே கையெழுத்தில் கணக்கை முடித்தால், ஐந்தாவது ஆண்டில் பேனல் உயிரோடு இருந்தும் வீடு இருட்டில் இருக்கும். திட்டம் தீட்டுபவர்களுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. அடுத்த பேட்டரிக்கான பணத்தையும் முதல் நாளே ஒதுக்கியிருந்தால் அந்த வராந்தா விளக்கு அணைந்திருக்காது என்பதே என் ஆதங்கம்.

இப்போது உங்களிடம் சொல்லப்படுவது பெரும்பாலும் அந்தப் பழைய திட்டமாக இருக்காது. 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டமாக இருக்கலாம். ஒரு கோடி வீடுகள், 75,021 கோடி ரூபாய், மாதம் 300 யூனிட் வரை இலவசம் என்று அறிவித்தார்கள். இலவசம் என்ற சொல் பெயரில் இருப்பதால் பேனலும் இலவசம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அரசு கொடுப்பது மானியம்: 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000, ஆக உச்சவரம்பு 78,000. அந்த மானியமும் பேனல் பொருத்தி, மின்வாரியம் சோதித்து, இருவழி மீட்டர் (நீங்கள் கம்பியிலிருந்து எடுக்கும் மின்சாரத்தையும் கம்பிக்குக் கொடுக்கும் மின்சாரத்தையும் அளப்பது) வைத்த பிறகே வங்கிக் கணக்கில் ஏறும். அதுவரை முழுத் தொகையையும் கையிலிருந்தோ வங்கிக் கடனிலிருந்தோ நீங்கள்தான் கொடுக்க வேண்டும். குடும்பத்தின் செலவில்லாமல் மின்வாரியமோ வேறு நிறுவனமோ பொருத்தித் தரும் முறைக்கும் விதிகளில் இடம் உண்டு. உங்களிடம் வந்த முகவர் அதைத்தான் சொல்கிறார் என்றால், கூரை எத்தனை ஆண்டுகளுக்கு யார் கையில் இருக்கும் என்று ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தே தீர வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வீடுகளுக்கு இப்போது பொருத்துவது பெரும்பாலும் பேட்டரி இல்லாத, மின்கம்பியோடு இணைந்த அமைப்பு. மின்வெட்டு நேரத்தில் அது வேலை செய்யாது. கம்பியில் மின்சாரம் இல்லையென்றால், பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும். நிற்காவிட்டால் பேனலின் மின்சாரம் கம்பிக்குப் போய், கம்பத்தில் ஏறியிருக்கும் ஒயர்மேனின் உயிருக்கு ஆபத்து. ஆகவே பேட்டரித் தொல்லை இதில் இல்லை; ஆனால் எங்கள் வராந்தாவுக்குக் கிடைத்த வெளிச்சமும் இதில் கிடைக்காது.

அடுத்தது கணக்கு. தமிழ்நாட்டில் 2016-ஆம் ஆண்டிலிருந்து எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை. என் அம்மாவின் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 80 யூனிட்டைத் தாண்டுவதில்லை; அவர் கட்டுவது பூஜ்யம். அப்படிப்பட்ட வீட்டுக்குக் கடன் வாங்கி ஒரு கிலோவாட் போட்டால், குறைப்பதற்குக் கட்டணமே இருக்காது. ஏழைகளுக்கான திட்டம் என்று விளம்பரம் செய்யப்படுவது, மிக ஏழையாக இருப்பவருக்கு எந்தப் பயனும் தருவதில்லை என்பதை யாராவது வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கூரை வீட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் வீட்டிலும் இருப்பவர்களுக்கு முதலில் பேனலைத் தாங்கும் கூரையே இல்லை. வாடகைக்கு இருப்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

என் சித்தப்பா வீட்டுக் கணக்கு வேறு. ஃப்ரிட்ஜும் தண்ணீர் மோட்டாரும் இருப்பதால் இரண்டு மாதத்துக்கு 340 யூனிட் ஆகிறது. கட்டணம் 900 ரூபாயை ஒட்டி வருகிறது. நிழல் விழாத 100 சதுர அடி மாடி இருக்கிறது. ஒரு கிலோவாட் பேனல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும் என்பதால், இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் கழிந்து அவரும் இலவச 100 யூனிட்டுக்குள் வந்துவிடுவார். மானியம் போக அவர் கையிலிருந்து போவது சுமார் 35,000 ரூபாய். அது ஆறேழு ஆண்டுகளில் திரும்பிவிடும் என்பதால் போடுங்கள் என்று சொன்னேன்.

எங்கள் பசுமை வீட்டின் பேனல் இன்னும் மாடியில்தான் இருக்கிறது. 2019-இல் என் சம்பளத்தில் புதிய பேட்டரியும் 12 வோல்ட் எல்இடி விளக்குகளும் வாங்கிப் போட்டேன். பள்ளி ஆய்வகத்து மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது பேனல் நன்றாகவே மின்சாரம் கொடுத்தது. பேட்டரிக்குத் தண்ணீர் பார்த்த தேதியை அம்மா மாதந்தோறும் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் குறித்து வைக்கிறார்.

உங்கள் மின் அட்டையில் கடந்த ஓராண்டின் யூனிட் எவ்வளவு, உங்கள் கூரை எப்படிப்பட்டது என்று எழுதுங்கள். தெரிந்த அளவுக்குக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன். சித்தப்பா சென்ற மாதம்தான் விண்ணப்பித்திருக்கிறார். மானியம் கணக்கில் ஏறியதும், எத்தனை நாள் ஆனது என்பதை இதே பதிலில் சேர்த்து எழுதுவேன்.