ஐந்து பத்தியா, ஆறு பத்தியா?

அன்புள்ள ஐயா,

முதுகலை ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அமெரிக்க இலக்கியத் தாளுக்காக எமிலி டிக்கின்சனின் 'தேர்' என்ற கவிதையைப் பற்றிக் கட்டுரை எழுதி இணைத்திருக்கிறேன். சாவு கண்ணியமான ஒரு துணைவனாக வந்து, எந்தத் தடங்கலும் இல்லாத பயணத்தில் கவிதையில் பேசும் பெண்ணை அழைத்துப் போகிறது என்பது என் வாதம். இதற்குப் பெண்ணியக் கோட்பாடு பொருந்துமா, உளப்பகுப்பாய்வா? எந்த விமர்சகரிடமிருந்து தொடங்கலாம்? ஹெமிங்வே, ஃபாக்னர் இருவரில் யார் பெரியவர்? மொழிபெயர்ப்பில் படித்தால் போதுமா?

க.

அன்புள்ள க.,

கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 'கடந்தோம்' என்ற சொல் மூன்று முறை வந்து, பிறகு 'நின்றோம்' என்று பயணம் ஓய்வதைக் கவனித்திருக்கிறீர்கள். அது நல்ல காது. அதனால்தான் கோபமும் வருகிறது. இவ்வளவு கூர்ந்து எண்ணத் தெரிந்தவர், கையில் இருப்பது யாருடைய வரி என்று ஒரு தடவையாவது பார்த்திருக்க வேண்டாமா?

ஹெமிங்வேயா ஃபாக்னரா என்பது பட்டிமன்றத் தலைப்பு, விடுங்கள். நாவலை மொழிபெயர்ப்பில் தாராளமாகப் படிக்கலாம். கவிதையைப் பற்றிக் கட்டுரை எழுதுவதென்றால் மூலம் இல்லாமல் முடியாது. கோட்பாட்டுக்கு இப்போது அவசரமே இல்லை.

டிக்கின்சன் இந்தக் கவிதைக்கு 'தேர்' என்று பெயர் வைக்கவில்லை. அவருடைய கவிதைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குத் தலைப்பே கிடையாது. அவர் இறந்தது 1886இல். நான்கு ஆண்டு கழித்து மேபல் லூமிஸ் டாட், தாமஸ் வென்ட்வொர்த் ஹிக்கின்சன் இருவரும் முதல் தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். அக்கால வாசகர் முகம் சுளிக்கக் கூடாது என்று இடைக்கோடுகளை எடுத்தார்கள், தலைப்புகள் சூட்டினார்கள், இயைபைச் சரிசெய்தார்கள். அவர்கள் உழைப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் நீங்கள் ஆராய்ந்திருப்பது அவர்கள் கை வைத்த வடிவத்தை.

பள்ளிக்கூடத்தைக் கடக்கும் இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் 'விளையாடினார்கள், பாடம் அப்போதுதான் முடிந்திருந்தது' என்ற வரியை வைத்து, கவலையற்ற பிள்ளைப் பருவம் என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். டிக்கின்சன் எழுதியது வேறு: இடைவேளையில், வட்டத்துக்குள், குழந்தைகள் 'முட்டி மோதினார்கள்'. 'வட்டம்' என்பதற்கான ஆங்கிலச் சொல் 'சூரியன்' என்பதற்கான சொல்லோடு முழுசாக இயையவில்லை. அதனால் அந்த வரியையே மாற்றிவிட்டார்கள். கல்லறை வீட்டின் விளிம்பு 'மண்ணுக்குள்' என்று முடியும் இடத்தில் அதே சொல் இரண்டு முறை இயைபாக வந்தது. அது குறையாகப் பட்டு, 'மேடு' என்று மாற்றினார்கள். ஒரே மண் இரண்டு முறை வந்து மூடுவதுதான் அங்கே விஷயம்.

இதெல்லாம்கூடச் சின்னது. நான்காம் பத்தி முழுசாகவே உங்கள் பிரதியில் இல்லை. மூலத்தில் ஆறு பத்தி, உங்களிடம் ஐந்து. மறையும் சூரியனைக் கடந்தோம் என்றதும் அடுத்த வரி இப்படி வருகிறது: 'இல்லை, அவன்தான் எங்களைக் கடந்து போனான்.' நீங்கள் எண்ணிய 'கடந்தோ'முக்குப் பிறகு நான்காவதாக ஒரு 'கடந்து' இருக்கிறது, அங்கே எழுவாய் மாறிவிட்டது. போய்க்கொண்டிருந்தவள் சட்டென்று நின்றுபோனவளாகிறாள். பனி இறங்குகிறது, குளிர் எடுக்கிறது, மேலே இருப்பதோ சிலந்தி இழை போன்ற மெல்லிய ஆடை. ஒலியசையை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். மற்ற பத்திகள் தேவாலயப் பாட்டின் அளவில் 8, 6, 8, 6 என்று போகும். இந்தப் பத்தி மட்டும் 6, 8, 8, 6. சூரியன் முந்தும் இடத்தில் யாப்பும் தலைகீழாகிறது. 'எந்தத் தடங்கலும் இல்லாத பயணம்' என்ற உங்கள் வாதம் இந்த ஒரு பத்தியில் உடைந்துவிடும்.

விமர்சகர்களைக் கேட்டீர்கள். ஆலன் டேட் 1932இல் இதை ஆங்கிலத்தின் மிகச் சிறந்த கவிதைகளில் ஒன்று என்று எழுதினார். அந்தக் கட்டுரையை அவசியம் படியுங்கள், ஆனால் அவர் கையில் இருந்ததும் ஐந்து பத்திதான் என்பதை மறக்காமல் படியுங்கள். நாவலாசிரியர் மெல்வில்லுக்கும் இது நடந்தது. 1851இல் 'மோபி டிக்' லண்டனில் வெளியானபோது முடிவுரை விடுபட்டுப்போனது. எல்லோரும் மூழ்கிவிட்டால் கதை சொல்பவன் எப்படிப் பிழைத்தான் என்று அங்கே மதிப்புரைகளில் கேட்டார்கள். உ.வே.சா. ஏடு ஏடாக ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்துவைத்த மொழியில் பிறந்தவர்களுக்கு இதை நான் விளக்கவே தேவையிருக்கக் கூடாது.

பழைய வடிவத்தை அடையாளம் காண்பது எளிது. கவிதைக்குத் தலைப்பு இருக்கும், இடைக்கோடுகள் பெரும்பாலும் இருக்காது, 'வாழ்க்கை', 'காதல்', 'இயற்கை', 'காலமும் நித்தியமும்' என்று பகுதி பிரித்திருப்பார்கள். காப்புரிமை முடிந்துவிட்டதால் இலவசத் தளங்களிலும் மலிவுப் பதிப்புகளிலும் அதுதான் அதிகம் கிடைக்கிறது. உங்களுக்கு வேண்டியது தாமஸ் ஜான்சனின் 1955 பதிப்பு, அதில் இது 712ஆம் கவிதை. அல்லது ரால்ஃப் ஃபிராங்க்ளினின் 1998 பதிப்பு, அதில் 479. இரண்டு எண்ணையும் கட்டுரையில் கொடுங்கள், எந்தப் பிரதி என்ற குழப்பம் வராது. எமிலி டிக்கின்சன் ஆவணக்காப்பகத்தின் இணையதளத்தில் கையெழுத்துப் படிகளையே காசில்லாமல் பார்க்கலாம். அதைப் பார்த்து, இடைக்கோடு ஒன்றுகூட விடாமல், கவிதையை உங்கள் கையால் ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில் 1890 வடிவத்தை எழுதி, வேறுபடும் சொற்களுக்கு அடிக்கோடிடுங்கள். ஒரு மாலை நேரம் ஆகும்.

பிறகு நான்காம் பத்தியில் தோளில் போர்த்தும் துணியைக் குறிக்கும் சொல்லையும், அது நெய்யப்பட்ட வலைத்துணியின் பெயரையும் அக்கால அகராதியில் தேடுங்கள். அந்த உடை மணப்பெண்ணுக்கு உரியதா, சவத்துக்கு அணிவித்ததா? கட்டுரையின் முதல் வரியை அங்கிருந்து எழுதி அனுப்புங்கள்.