தாளில் இல்லாத பதினைந்தாவது பெயர்

சார், போன வாரம் பெண்ணின் மேற்படிப்பு பற்றி என்னிடம் பேச வந்தபோது நீங்கள் விட்டுப்போன தாள் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. 25 ஆண்டு கழித்துக் கூடிய உங்கள் வகுப்புத் தோழர்கள் 14 பேர் பெயர், எதிரே அவரவர் வேலை. கணினித் துறைக்காரர்கள் ஐந்து பேருக்கும் அடிக்கோடு. "இதைப் பார்த்த பிறகு பெண்ணை வரலாறு படிக்க விட மனசு வரவில்லை" என்றீர்கள். அவளும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

உங்கள் வகுப்பில் மொத்தம் 42 பேர் என்றும் சொன்னீர்கள். உங்களையும் அந்த 14 பேரையும் கழித்தால், மீதி 27 பேர் எங்கே? சொல்லிக்கொள்ளும்படி வேலை இல்லாதபோது இந்த மாதிரிக் கூட்டங்களுக்குப் போகக் கால் வராது. வேலை போயிருந்த சமயத்தில் நானும் "அன்றைக்கு வேறு விசேஷம்" என்று நழுவியவன்தான். கணினி படித்துவிட்டு அதில் நிலைக்காதவர்கள் அந்த 27 பேரில் எத்தனை என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வந்தவர்களை மட்டும் வைத்து ஒரு துறையை எடைபோட வேண்டாம்.

அப்புறம், எல்லோரிடமும் "இப்போ என்ன பண்றே?" என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். "இப்படி ஒரு வேலை இருப்பதே உனக்கு எப்படித் தெரிய வந்தது?" என்று கேட்டிருந்தால் கதையே வேறு. எங்கள் வகுப்புச் சந்திப்பில் நான் கேட்டேன். மருத்துவக் கருவிகளைப் பராமரிக்கும் பிரிவை நடத்தும் ஒருவன், நண்பனுக்குத் துணையாக நேர்முகத் தேர்வுக்குப் போனவனாம். வாசலில் காத்திருந்தவனிடம் அங்கிருந்த ஊழியர் ஒரு விண்ணப்பத்தை நீட்டி, "சும்மாதானே இருக்கே, நிரப்பு" என்றிருக்கிறார். பேனாவும் அவரிடமே இரவல். "இதுதான் திருப்புமுனைன்னு தெரிஞ்சிருந்தா நல்ல சட்டையாவது போட்டிருப்பேன்" என்று சிரித்தான். பள்ளி நாளிலேயே கையில் கிடைத்த ரேடியோவையெல்லாம் பிரித்துப் போட்டு அடி வாங்கியவன் அவன். அதை அவன் சொல்லவில்லை, எனக்கு ஞாபகம் இருந்தது.

ஜான் க்ரம்போல்ட்ஸ் என்ற தொழில்வழிகாட்டல் அறிஞர் 1999இல் சக ஆய்வாளர்களோடு இதைத்தான் எழுதினார்: தற்செயலாக வருவதைத் தடுக்கவும் முடியாது, அதற்காகச் சும்மா காத்திருக்கவும் கூடாது, வரும்போது பயன்படுத்திக்கொள்ளும் ஆர்வத்தையும் விடாமுயற்சியையும் வளர்த்து வைக்கலாம். உங்கள் பெண்ணிடம் அந்த ஆர்வம் வரலாற்றில் இருக்கிறது. அதை வெட்டிவிட்டு வேறொன்றை நட்டால் பிடிக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

உங்கள் தாளில் எனக்குப் பிடித்தது பதினொன்றாவது வரி. "அருங்காட்சியகம்" என்று எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள். அவரோடு இரண்டு நிமிடம்கூடப் பேசவில்லை என்றீர்கள். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அந்த ஆளை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6, அபூர்வமாக என்றவர்கள் 27.8. தினம் பார்ப்பவருக்குப் பெரும்பாலும் நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். பல வருஷம் பார்க்காத பழைய தோழர் வேறு உலகத்துச் செய்தியோடு வருவார்.

அதனால் அவருக்கு ஒரு போன் போடுங்கள். வேலை கேட்க வேண்டாம். பெண் அவரிடம் இருபது நிமிடம் பேசட்டும்: ஒரு நாள் எப்படிப் போகிறது, புதிதாகச் சேருபவர்களிடம் எது குறைகிறது, வரலாற்றோடு கூட எதைக் கற்றிருந்தால் உதவியிருக்கும். சம்பளத்தையும் கேட்கச் சொல்லுங்கள், கூச்சம் வேண்டாம். வரலாறு படித்தவுடன் வேலை ஓடி வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். பழைய ஆவணங்களைக் கணினியில் வகைப்படுத்துவதோ இன்னொரு மொழியோ கூடவே வேண்டியிருக்கும். அதை அவர் வாயால் கேட்டால் அவளுக்கு உறைக்கும்.

இன்னொன்று. தாளில் உங்கள் பெயர் இல்லை. அன்றைக்கே கவனித்தேன், பெண் முன்னால் கேட்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பதினைந்தாவதாக அதையும் எழுதி, இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள் என்று வீட்டில் அவளிடம் சொல்லுங்கள். வியாழக்கிழமை இரண்டு பேரும் வாருங்கள். தாளை எடுத்து வைத்திருக்கிறேன்.