தொடை வழியே போய் இதயத்தில் அடைப்பது: 7 மாதக் குழந்தைக்குச் செய்யலாமா?

கேள்வி: என் மகளுக்கு 7 மாதம், எடை 5.5 கிலோ. எக்கோவில் ‘பி.டி.ஏ., 4 மி.மீ.’ என்று வந்திருக்கிறது. நெஞ்சைத் திறக்காமல் தொடை வழியாக அடைக்கலாம் என்கிறார் டாக்டர். கல்லிடைக்குறிச்சியில் சொந்தக்காரக் குழந்தைக்கும் ஓட்டைதான். அதற்கு ஆபரேஷன் செய்தார்கள். ஒரு வயது ஆகட்டும் என்கிறார் மாமியார். என்ன செய்வது?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: கருவில் நுரையீரலுக்கு வேலையில்லை. அங்கே போகும் ரத்தத்தை, உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனிக்குத் திருப்பிவிட ஒரு சிறு குழாய் உண்டு. பிறந்த சில நாளில் அது தானே மூடிக்கொள்ளும். உங்கள் மகளுக்கு மூடவில்லை. இதைத்தான் பி.டி.ஏ. என்கிறார்கள். கன்னடியன் கால்வாயில் அடைக்காமல் விட்ட மடைபோல, உடம்புக்குப் போக வேண்டிய ரத்தம் நுரையீரலுக்குள் பாய்கிறது. இரண்டு நிமிடம் குடித்ததுமே நெற்றி வியர்த்து, மார்பை விட்டுவிட்டு மூச்சு வாங்குகிறாளா? எடை ஏறாததற்கு அது காரணமாக இருக்கலாம். உங்கள் பாலைக் குறை சொல்லிக்கொள்ளாதீர்கள்.

இதயத்தின் கீழறைச் சுவரில் உள்ள சிறு ஓட்டைகள் பல தானே மூடும். மாமியார் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டிருப்பார். இந்த வயதில் 4 மி.மீ. பி.டி.ஏ. அப்படி மூடும் என்று காத்திருக்கக் கூடாது. நுரையீரல் ரத்தக்குழாய்கள் இறுகிவிட்டால், பிறகு அடைப்பதே ஆபத்தாகிவிடும்.

சொந்தக்காரக் குழந்தைக்கு எந்த இடத்தில் ஓட்டை என்று விசாரியுங்கள். வால்வை ஒட்டிய பெரிய ஓட்டையானால், அடைக்கும் சாதனம் (அடைப்பான்) பற்றிக்கொள்ள விளிம்பு இருக்காது. அதற்கு ஆபரேஷன்தான் சரி. பி.டி.ஏ. வெறும் ஓட்டையாக இல்லாமல் குழாய் வடிவில் இருப்பதால் அடைப்பானுக்குப் பிடிமானம் கிடைக்கிறது. 1967-இலேயே ஜெர்மனியில் இதைத் தொடை வழியாக அடைத்துக் காட்டினார்கள். 700 கிராம் குறைமாதக் குழந்தைக்கும் பொருந்தும் சாதனத்துக்கு அமெரிக்கா 2019-இல் அனுமதி அளித்தது.

மயக்க மருந்து கொடுத்து, தொடை ரத்தக்குழாயில் ஏறக்குறைய 2 மி.மீ. தடிமனுள்ள குழாயைச் செலுத்துவார்கள். நிக்கல்–டைட்டானியக் கம்பி வலை அதற்குள் நூல்போல ஒடுங்கிப் போய், வெளியே வந்ததும் காளான்போல விரிந்து அடைத்துக்கொள்ளும். சரியாக உட்காராவிட்டால், கழற்றிவிடும் முன் திரும்ப இழுத்துக்கொள்ளலாம். இந்த முறையில் நான் பெரிதும் மதிப்பது இதைத்தான். சுமார் 6 மாதத்தில் சதை மூடிவிடும். குழந்தை வளர்ந்தாலும் மாற்ற வேண்டியதில்லை.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். அடைப்பான் நகரலாம், சிறு குழந்தைகளில் பக்கத்து ரத்தக்குழாயை நெருக்கலாம். அவசரமானால் அறுவைச் சிகிச்சை நிபுணர் அங்கேயே இருப்பாரா என்று கேளுங்கள். செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எக்கோ அறிக்கையையும் எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள்.

சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்த அன்று அவளுடைய இரண்டு பாதங்களையும் அடிக்கடி தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சில்லிட்டோ வெளுத்தோ இருந்தால், விடியட்டும் என்று இருக்காமல் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.