பிரேக் நாலும் மாற்றச் சொல்கிறார்கள், மாற்றவா அண்ணை?

தம்பி, நீர் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கும். யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்து கனடாவில் ஸ்காபரோ வந்து எட்டு மாதம். 1,70,000 கிலோமீற்றர் ஓடிய 2013 கம்ரி கார் ஒன்று வாங்கினீர். ஒயில் மாற்றப் போன இடத்தில், நாலு சில்லுக்கும் பிரேக் பேட் (உரசும் கட்டை), ரோட்டர் (சில்லோடு சுற்றும், பேட் கவ்விப் பிடிக்கும் இரும்புத் தட்டு) எல்லாம் போட வேண்டும், 1,350 டொலர் என்று துண்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். முன்பக்க பேட் 6 மில்லிமீற்றர், பின்பக்கம் 2 என்று அதில் இருக்கிறது. ஊரில் அப்பாவிடம் சொன்னால், "உனக்கென்ன விசரே, ரோட்டரை லேத்தில் கொடுத்துச் சீவினால் இன்னும் இரண்டு வருசம் ஓடும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். நானும் இணுவில்காரன்தான். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடியதைப் பார்த்து வளர்ந்தவன். சாமான் வராது. வந்தாலும் விலை கேட்கேலாது. கைவேலைதான் மலிவு. அந்தக் கார்களுக்கு ட்ரம் (சில்லோடு சுற்றும் இரும்புக் கிண்ணம்) பிரேக், உள்ளே உரசும் லைனரை மாற்றி ஆணியடித்து, ட்ரம்மைக் கடைந்து ஓடினார்கள். இங்கே எல்லாம் மறுவளம். ஒருவர் நின்று ரோட்டரைக் கடையும் கூலிக்குக் கொஞ்சம் சேர்த்தால் புது ரோட்டரே வந்துவிடும். அதோடு இந்தக் காலத்து ரோட்டர் மெல்லிசு. புதுசுக்கும், இதற்குக் கீழே தேயக்கூடாது என்ற அளவுக்கும் நடுவில் இருப்பது ஒன்றிரண்டு, கூடிப்போனால் மூன்று மில்லிமீற்றர். அந்தக் குறைந்தபட்ச அளவை ரோட்டரிலேயே பொறித்திருப்பார்கள். சீவ அங்கே என்ன இருக்கிறது?

இனி உம்முடைய துண்டுக்கு வருவோம். புது பேட் பத்துப் பன்னிரண்டு மில்லிமீற்றர் இருக்கும். மூன்றுக்கு வந்தால் மாற்ற வேண்டும், இரண்டில் இழுத்தடிக்கக் கூடாது. ஆகவே பின்பக்கம் மாற்றத்தான் வேண்டும், இந்தக் கிழமையே. முன்பக்கம் 6 என்றால் பாதி மிச்சம். கடைக்காரர் பாதி உண்மை சொல்லி முழுக் காசு கேட்கிறார்.

ஆனால் அந்த 6 எந்தப் பேட்டின் அளவு என்று கேளும். ஒவ்வொரு சில்லிலும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. இங்கே மாரியில் ரோட்டுக்குக் கொட்டும் உப்பு, கலிப்பர் (பேட்டை அமத்தும் கவ்வி) நகரும் இரும்புப் பின்னைத் துருப்பிடிக்க வைத்து இறுக்கிவிடும். பிறகு உள்பேட் மட்டும் தேயும். சில்லு இடுக்கால் ரோர்ச் அடித்துப் பார்த்தால் வெளிப்பேட் வடிவாகத் தெரியும், உள்ளே இரும்போடு இரும்பு உரசிக்கொண்டிருக்கும். சில்லைக் கழற்றி, உள்ளும் வெளியும் அளந்து காட்டச் சொல்லும்.

என் முதலாவது மாரியில் எனக்கு நடந்தது இதுதான். கீச்சுக் கீச்சென்று சத்தம். சைக்கிள் பிரேக் கத்தாததா என்று இரண்டு மாதம் விட்டேன். தேய்ந்தால் கத்துவதற்கென்றே பேட்டில் ஒரு தகடு வைத்திருக்கிறார்கள் என்று அப்போது தெரியாது. கீச்சு கறகறவாக மாறிய பிறகு போனால், பேட்டோடு போகவேண்டியது ரோட்டர், கலிப்பர் வரைக்கும் போய்விட்டது. ஒரு மாதக் கூலியில் அரைவாசி.

ரோட்டரை மைலேஜ் தின்பதைவிட இங்கே துரு தின்பதுதான் அதிகம். மழை பெய்த மறுநாள் காலை தெரியும் செம்மண் நிறத் துரு ஒன்றுமில்லை, நாலைந்து முறை பிரேக் பிடிக்கப் போய்விடும். பேட் உரசும் இடத்திலேயே பள்ளமும் செதிலும் விழுந்திருந்தால், விளிம்பில் வரம்பு கட்டியிருந்தால், பிரேக் பிடிக்கும்போது மிதி காலுக்குள் துடித்தால், ரோட்டரும் சேர்த்துத்தான். உமது பின்பக்கம் 2 வரை போயிருப்பதால் ரோட்டரும் தப்பியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். மாற்றும்போது இடது, வலது இரண்டு சில்லுக்கும் ஒன்றாக மாற்றும். ஒரு பக்கம் மட்டும் போட்டால் கார் ஒரு பக்கம் இழுக்கும்.

வேறு இரண்டு கராஜில் விலை கேளும், பின்பக்கத்துக்கு மட்டும், சாமான் தனி, கூலி தனி என்று. தமிழ்க் கராஜ் என்றபடியால் மலிவு என்று நினைக்காதையும், என்றபடியால் ஏமாற்று என்றும் நினைக்காதையும். ஒன்ராறியோச் சட்டப்படி மதிப்பீட்டை எழுத்தில் கேட்கலாம். அதைவிடப் பத்து வீதத்துக்கு மேல் வாங்க முடியாது. போடும் சாமானுக்கும் கூலிக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர் உத்தரவாதம் உண்டு. கழற்றிய பழைய சாமானைத் தரச் சொல்லவும் உமக்கு உரிமை இருக்கிறது. நான் எப்பவும் கேட்டு வாங்குவேன். ஒருமுறை "முடிஞ்சுது அண்ணை" என்ற பேட்டை வீட்டில் அளந்தால் 7 மில்லிமீற்றர். அதற்குப் பிறகு வேலை தொடங்க முதலே கேட்கிறேன்.

பேட் தேயத் தேய பிரேக் எண்ணெய் மட்டம் இறங்கும். எண்ணெய் குறைவு என்று ஊற்றி நிரப்ப விடாதையும், புதுப் பேட் போட்டால் மட்டம் தானே ஏறும். ஆனால் பேட் தேயாமலே இறங்கினால் அது கசிவு, உடனே காட்டும்.

புதுசு போட்டதும் கார் உருட்ட முதல் மிதியை நாலைந்து தரம் அமத்திக் கெட்டியாக வருகிறதா என்று பாரும். முதல் இருநூறு முந்நூறு கிலோமீற்றர் மெதுவாகப் பிடித்துப் பழக்கும். முன்பக்கத்தை நவம்பரில் மாரி ரயர் மாற்றும்போது மறுபடி அளக்கச் சொல்லும். சில்லு எப்படியும் கழரும், தனிக் காசு தேவையில்லை.

கழற்றிய ரோட்டரை அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பும், விளிம்பு தெரிய. லேத்துக் கதை எடுக்க மாட்டார்.