நெல்லும் துறைமுகமும்

வணக்கம் ஐயா,

என் பூர்வீகம் மன்னார்குடிப் பக்கம். பல வருடங்களாக சிங்கப்பூரில் இருக்கிறேன். இங்கே உணவில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதிதான், ஆனாலும் நாடு செழிக்கிறது. ஹாலந்தும் கடல் வணிகத்தால்தான் வளர்ந்தது. நாமும் வணிக நாடாக வேண்டுமென்றால் விவசாயத்தைக் கட்டிக்கொண்டு அழுவதை விட்டுவிட வேண்டாமா? ஊரில் குத்தகைக்கு விட்டிருக்கும் அப்பாவின் நிலத்தையும் விற்றுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

ஒரு வாசகர், சிங்கப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

ஹாலந்து விவசாயத்தை விடவில்லை. பால்டிக் கரையிலிருந்து தானியம் கப்பலில் வந்து இறங்கியதால், அவர்களுடைய விவசாயிகள் வெண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் மாறினார்கள். இன்றும் வேளாண் ஏற்றுமதியில் உலகின் முன்வரிசையில் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் வயல் இல்லைதான். ஆனால் அந்தத் துறைமுகம் வளர்ந்ததில் மலாயாவின் ரப்பருக்குப் பெரும் பங்குண்டு. அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போன நம் மக்கள்.

நம் கதையும் அப்படித்தான். பூம்புகார்த் துறையில் குவிந்த சரக்குகளைப் பட்டினப்பாலை அடுக்கும்போது மிளகு, முத்து, பவளத்தோடு காவிரியின் விளைச்சலையும் சொல்கிறது. வெள்ளை உப்பை விற்று நெல் ஏற்றி வந்த படகுகளும் அதில் உண்டு. பிறகு ராஜராஜன் காலத்தில், சுமத்ராவின் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய நாகப்பட்டினத்து சூடாமணி புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊரின் வருவாய் விடப்பட்டது. அந்தக் கொடையைப் பதிவு செய்த லெய்டன் செப்பேடு அந்த வருவாயை நெல் கணக்காகவே சொல்கிறது. கடல் கடந்து வந்த உறவுக்கும் சோறு போட்டது வயல்தான்.

பொருளாதாரத்தில் விவசாயத்தின் பங்கு குறையத்தான் செய்யும், குறையட்டும். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போவதும் நல்லதே. ஆனால் விவசாயி கையில் காசு இல்லாமல் அந்தப் பங்கு குறைந்தால் உள்ளூரில் பொருள் வாங்க ஆள் இருக்காது. குறுவைப் பணம் நேரத்துக்கு வந்த வருடம் மன்னார்குடி ஜவுளிக்கடையில் தீபாவளிக் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஐப்பசி மழையில் அரசு நெல் வாங்கும் ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். நெல்லைச் சாலையோரம் கொட்டி, தார்ப்பாய் போட்டு மூடி, வெயில் தலைகாட்டினால் பிரித்துக் காலால் கிளறிவிட்டு, மறுபடி மூடுவார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். தளர்வு கேட்டு மனு போகும், அதற்குள் அடிநெல் முளைத்துவிடும். அறுவடை மழையோடு வரும் என்பது தெரிந்த ஊரில் கொள்முதல் நிலையத்துக்கு ஒரு உலர்த்தி இயந்திரமும் நல்ல கூரையும் இல்லையென்றால், அதை வானத்தின் மேல் பழி போட்டுத் தப்பிக்க முடியாது. வணிகம் வளர வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

சரி, உங்கள் நிலம். விற்பது உங்கள் உரிமை. ஆனால் குத்தகைக்காரரிடம் முதலில் பேசுங்கள். வாய்வார்த்தைக் குத்தகையாக இருந்தால் அவருக்குப் பயிர்க்கடனும் காப்பீடும் கிடைப்பது பெரும்பாடு. வாங்க அவருக்கு விருப்பமிருந்தால் தவணை கொடுங்கள். விற்கவில்லையென்றால் குத்தகையை எழுத்தில் பதிவு செய்து கொடுங்கள்.

அன்புடன்.