சங்கத் தலைமையும் வித்தையின் ரகசியமும்

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் ஊரில் மேஜிக் கலைஞர்களுக்கென ஒரு சிறு சங்கம் இருக்கிறது. மாதம் ஒருமுறை கூடுகிறோம். நெடுங்காலம் தலைவராக இருந்த பெரியவர் உடல்நலம் கருதி விலகுகிறார். அந்தப் பொறுப்பை என்னை ஏற்கச் சொல்கிறார்கள். எனக்கு இரண்டு தயக்கங்கள் உள்ளன. என்னைவிடக் கைத்திறன் மிக்கவர்கள் இருக்கும் சபையில் நான் தலைமை ஏற்பது முறையா? அடுத்து, எங்கள் இளம் உறுப்பினர் ஒருவர் ஒரு வித்தையின் சூட்சுமத்தை விளக்கி யூடியூபில் காணொளி வெளியிட்டுவிட்டார். அவரை நீக்கியே ஆகவேண்டும் என்கிறார்கள் மூத்தவர்கள். தலைவரானால் என் முதல் வேலையே அதுவாகத்தான் இருக்கும். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். உங்கள் முதல் தயக்கத்துக்கு அமெரிக்க மேஜிக் கலைஞர் ஹாரி ஹூடினியின் வாழ்க்கையிலேயே விடை இருக்கிறது. 1922-இல் சிகாகோவில் அமெரிக்க மேஜிக் கலைஞர் சங்கத்தினர் அவருக்கு ஒரு விருந்தளித்தார்கள். அங்கே டாய் வெர்னான் என்ற இளைஞர் காட்டிய சீட்டு வித்தையை ஹூடினி மீண்டும் மீண்டும் செய்யச் சொல்லிப் பார்த்தும் அது எப்படி நடக்கிறது என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்போது அவர் உலகப் புகழ் பெற்றவர். அந்தச் சங்கத்தின் தேசியத் தலைவரும் அவர்தான். சீட்டுக்கட்டில் தம்மை மிஞ்சும் ஓர் இளைஞர் இருக்கிறார் என்பதால் அவருடைய தலைமைக்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை. 1917 முதல் 1926-இல் இறக்கும்வரை அவரே தலைவராக இருந்தார்.

அந்த ஒன்பது ஆண்டுகளில் அவர் செய்த வேலையைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். 1902-இல் நியூயார்க்கில் மார்ட்டின்கா என்ற மேஜிக் கடையின் பின்னறையில் தொடங்கிய சங்கம் அது. அக்காலத்தில் அமெரிக்க நகரங்களில் இருந்த மேஜிக் கிளப்புகளில் பெரும்பாலானவை உங்கள் சங்கத்தைப் போலவே சிறியவை. கையிருப்பும் சொற்பம், ஒன்றுக்கொன்று தொடர்பும் கிடையாது. ஹூடினி நிகழ்ச்சிகளுக்காக ஊர் ஊராகச் செல்லும்போதெல்லாம் உள்ளூர்க் கலைஞர்களைத் தேடிச் சென்று, அவர்களோடு அமர்ந்து உண்டு, உரையாற்றி, அந்தக் கிளப்புகளைச் சங்கத்தின் கிளைகளாக இணைத்தார். கிளப்பே இல்லாத ஊர்களில் தனித்தனியாக இருந்தவர்களைக் கூட்டி ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துவைத்தார். பஃபலோ, டெட்ராய்ட், பிட்ஸ்பர்க், கான்சாஸ் சிட்டி என்று சங்கம் வளர்ந்தது இப்படித்தான். இதில் கைத்திறனுக்கு வேலையே இல்லை. மனிதர்களைத் தேடிப் போகும் மனமும், அதற்காகத் தம் நேரத்தைக் கொடுக்கும் பொறுமையும்தான் தேவைப்பட்டன. உங்கள் மூத்தவர்கள் உங்களிடம் கண்டதும் அதுவாகவே இருக்கும் என்று நம்புகிறேன்.

இரண்டாவது கேள்விதான் கடினமானது. ரகசியம் காப்பது இக்கலையின் அடிப்படை ஒழுக்கம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த ஒழுக்கத்தை எல்லா இடத்திலும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது. 1905-இல் லண்டனில் தோன்றிய மேஜிக் சர்க்கிள் என்ற கலைஞர் சங்கத்தின் முதல் தலைவர் டேவிட் டெவன்ட். 1930களில், நோயுற்று மேடையை விட்டு விலகி நெடுங்காலம் ஆன நிலையில், தம் வித்தைகளின் செய்முறையை அவர் ஒரு பத்திரிகையில் எழுதினார் என்பதற்காகச் சங்கம் அவரையே நீக்கியது. பிறகு அதே சங்கம் அவரைக் கௌரவ வாழ்நாள் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. விதியை முதலில் பிரயோகித்துவிட்டு மனிதரைப் பிறகு யோசித்ததன் விளைவு அது என்பது என் எண்ணம்.

ஹூடினியும் தலைவராக இருந்துகொண்டேதான், இறந்தவர்களோடு பேசுவதாகச் சொல்லி ஏமாற்றியவர்களின் தந்திரங்களை மேடையில் செய்துகாட்டி அம்பலப்படுத்தினார். 1926-இல் வாஷிங்டனில் குறிசொல்லிகளுக்கு எதிரான மசோதாவை ஆதரித்து நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியமும் அளித்தார். நம் ஊர்களில் அறிவியல் இயக்கத்தினர் நடத்தும் ‘மந்திரமா? தந்திரமா?’ நிகழ்ச்சிகளிலும் சூட்சுமங்கள் விளக்கப்படுகின்றன. எலுமிச்சம்பழத்தில் ரத்தம் வருவது எப்படி என்று ஒரு கிராமத்துச் சிறுமி தெரிந்துகொள்வதால் எந்தக் கலைஞரின் பிழைப்பும் கெடுவதில்லை, ஒரு போலிச் சாமியாரின் பிழைப்பு வேண்டுமானால் கெடும். இன்னொரு கலைஞர் பல காலம் உழைத்து உருவாக்கி, இன்றும் மேடையில் செய்துவரும் வித்தையை, பார்வையாளர் எண்ணிக்கைக்காக அவிழ்த்துக் காட்டுவது வேறு. அது உழைப்பைத் திருடுவது; அதில் நீங்கள் கண்டிப்பாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே அந்த இளைஞர் விளக்கியது யாருடைய வித்தை, எல்லா நூல்களிலும் கிடைக்கும் பழைய வித்தையா, எதற்காக விளக்கினார் என்பவற்றை விசாரிக்காமல் எந்தத் தீர்மானமும் எடுக்காதீர்கள்.

யாரை வெளியே அனுப்புவது என்பதைப் போலவே யாரை உள்ளே விடுவது என்பதும் தலைவரின் பொறுப்பு. மேஜிக் சர்க்கிள் 1991 வரை பெண்களைச் சேர்க்கவில்லை. சோஃபி லாய்ட் என்ற கலைஞர் அந்த ஆண்டில் ஆண்வேடத்தில் வித்தை செய்துகாட்டித் தேர்வு பெற்று உறுப்பினரானார். அதே ஆண்டில் சங்கம் பெண்களுக்குக் கதவைத் திறந்தபோது அவர் உண்மையைச் சொன்னார். ஏமாற்றிவிட்டார் என்று சொல்லி அவரை நீக்கினார்கள். மாறுவேடத்தையே தொழில் நுட்பமாகக் கொண்ட ஒரு சபை அதைச் செய்தது எனக்கு இன்றும் வருத்தமளிக்கிறது. 2025-இல்தான் மன்னிப்புக் கேட்டு உறுப்பினர் தகுதியை அவருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். உங்கள் சங்கத்தில் பெண்கள் எத்தனை பேர் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. ஒருவரும் இல்லையென்றால் அதையும் உங்கள் கவலைகளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சந்தாவில் ஒரு பகுதியை நலநிதியாக ஒதுக்குவதும் அவசியம். இங்கிருந்து சென்று இங்கிலாந்து மேடைகளில் பெரும் புகழ் பெற்ற ராமசாமி என்ற வித்தைக்காரர் 1850-இல் லண்டனில் இறந்தபோது, அடக்கச் செலவுக்கு உதவி கேட்டு அவர் மனைவி பத்திரிகை வழியாக வேண்ட வேண்டியிருந்தது.

நடைமுறையாக ஒன்று சொல்கிறேன். முதல் கூட்டத்தில் நீக்கல் தீர்மானத்தை எடுக்க வேண்டாம். அந்த இளைஞரை அதற்கு முன்பே தனியாகச் சந்தித்துப் பேசுங்கள். பிறர் வித்தையாக இருந்தால் காணொளியை எடுத்துவிடச் சொல்லுங்கள். மூத்தவர்களில் யாருக்கு அதிகக் கோபமோ அவரையே அந்த இளைஞருக்குச் சில மாதங்கள் கற்பிக்கக் கேளுங்கள். காணொளி பார்த்துக் கற்பவனுக்குத் தன் கை பக்கவாட்டிலிருந்து எப்படித் தெரிகிறது என்று சொல்ல ஆளில்லை. அதைச் சொல்லும் கண்கள் உங்கள் சங்கத்தில் இருக்கின்றன. எது வெளிப்படுத்தக்கூடாத ரகசியம் என்பதை எழுத்தில் வரையறுத்து, அடுத்த பொதுக்குழுவில் அந்த இளைஞரும் இருக்கும்போதே விவாதித்து நிறைவேற்றுங்கள்.