உளுந்தை ஊரிலேயே நிறுத்துங்கள், சத்துமாவு அப்புறம்

கேள்வி: காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. மகளிர் குழுவில் 12 பேர், எல்லோரும் விவசாயக் கூலி. கார்த்திகை, மார்கழியில் மழை பிடித்து வயல் மூழ்கிவிட்டால் வேலை இருக்காது. ரேஷன் அரிசியால் சோற்றுக்குக் குறையில்லை, குழம்பில் போடத்தான் ஒன்றும் இல்லை. வங்கியில் கடன் தருகிறோம் என்கிறார்கள். சத்துமாவு இயந்திரம் வாங்கித் தொழில் தொடங்கினால் எங்கள் கஷ்டம் தீருமா?

பதில்: இயந்திரத்தை இப்போது வாங்காதீர்கள். சத்துமாவு மோசமான தொழில் இல்லை. ஆனால் சின்னக் குழந்தை உள்ள வீட்டுக்கு அது அங்கன்வாடியிலேயே கிடைக்கிறது, ஊரில் காசு கொடுத்து யார் வாங்குவார்கள்? சிதம்பரத்துக்கோ கடலூருக்கோ கொண்டுபோனால் உணவுப் பாதுகாப்புப் பதிவு, பாக்கெட், லேபிள், கடைக்காரர் கமிஷன், பஸ் காசு என்று வரிசையாகச் செலவு வரும். குறிஞ்சிப்பாடி பக்கம் ஒரு குழு கடனில் வாங்கிய இயந்திரத்தைப் பார்த்திருக்கிறேன். மேலே சாக்குப் போர்த்தியிருந்தது, சாக்கின் மேல் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. தவணை மட்டும் மாதாமாதம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

குழம்பில் போட ஒன்றும் இல்லை என்கிறீர்களே, அதைப் பிடித்துக்கொள்வோம். ரேஷனில் கிடைக்கும் ஒரு கிலோ துவரம்பருப்பை ஐந்து பேர் மாதம் முழுக்கச் சாப்பிட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏழு கிராம்கூட வராது. ஆனால் உங்கள் பகுதியில்தானே சம்பா அறுப்புக்குப் பத்து நாள் முன்னால் ஈர வயலில் உளுந்து தெளிக்கிறார்கள்? பங்குனியில் களத்துக்கு வரும் அந்த உளுந்து அன்றைக்கே வியாபாரியின் வண்டியில் ஏறிவிடுகிறது. கார்த்திகையில் அதையே மளிகைக் கடையில் நூறு கிராம், இருநூறு கிராமாகத் திரும்ப வாங்குகிறீர்கள். இடையில் இருக்கும் அந்த ஏழெட்டு மாதம்தான் உங்கள் தொழில்: பங்குனியில் வாங்கி, உடைத்து வைத்து, மழை மாதத்தில் ஊருக்கே கொடுப்பது.

கணக்கைப் பார்ப்போம். 2025-26க்கு உளுந்தின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். களத்து விலை ஏறலாம், இறங்கலாம். வாங்கும் அன்று ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். மூன்று குவிண்டாலுக்கு 23,400 ரூபாய். குழுச் சேமிப்பிலிருந்து ஆளுக்கு 2,000 என்று ஒதுக்கினால் முடிந்தது, வங்கிப் பக்கமே போக வேண்டாம். தோல் நீக்கி வெள்ளைப் பருப்பாக்கினால் நூறு கிலோவுக்கு எழுபது கிலோ அளவில் தேறும். அப்போது பருப்பின் அடக்கவிலையே கிலோ 111 ரூபாய் ஆகிவிடும், மில் கூலி தனி. தோலோடு உடைத்த கருப்பு உளுந்துக்கு இந்தச் சேதாரம் இல்லை. உளுந்தங்களிக்கும் உளுந்தஞ்சோற்றுக்கும் அதுதான் ருசி. அதனால் முதல் வருடம் கருப்பு உளுந்து மட்டும் போதும். உடைக்கத் திருகையே போதும். யார் வீட்டுத் திண்ணையிலாவது கிடக்கும்.

இதில் குழுக்கள் தோற்பது விற்பனையில் இல்லை, வண்டு அரிப்பதில். ஈரம் இருந்தால் இரண்டே மாதத்தில் மூட்டைக்குள் மாவுதான் மிஞ்சும். ஒரு மணியைக் கடித்துப் பாருங்கள். நறுக்கென்று உடைய வேண்டும். பல் பதிந்தால் இன்னும் இரண்டு வெயில் காட்ட வேண்டும். வண்டு முழுப் பயறின் மேல்தான் முட்டையிடும், உடைத்த பருப்பில் அவ்வளவாக ஏறாது. எனவே வாங்கியதும் காயவைத்து, புடைத்து, உடைத்து, ஆறவிட்டு, காற்றுப் புகாத டிரம்மில் அடைத்துவிடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துவிடும். டிரம் தரையில் நிற்கக் கூடாது. 2015 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த மாவட்டம் இது, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இடுப்பளவு மேடை இருக்கும் வீடாகப் பார்த்து வையுங்கள்.

விநியோகத்துக்கு வருவோம். மழை மாதத்தில் உங்கள் வாடிக்கையாளரிடம் காசு இருக்காது. அதனால் பருப்பாகக் கொடுத்து உளுந்தாக வாங்குங்கள்: கார்த்திகையில் நாலு கிலோ எடுத்தால் பங்குனியில் ஐந்து கிலோ. மூன்றில் ஒரு பங்கை இப்படிக் கடனுக்கு வைத்துக்கொண்டு மீதியை ரொக்கத்துக்கு, கடை விலையைவிடப் பத்து ரூபாய் குறைத்து விற்கலாம். ரொக்கம் வந்தால்தான் அடுத்த வருடக் கொள்முதல். தலைவி வீட்டுக்கும் இதே நோட்டு, இதே கையெழுத்து. இங்கே சலுகை காட்டித்தான் பல குழுக்கள் உடைந்தன.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். ஊரிலேயே அடுப்பு எரியாத வீடு உங்கள் குழுவில் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. வாராவாரம் சேமிப்புக் கட்ட முடியாதவர்களைத்தான் நாம் குழுவில் சேர்ப்பதே இல்லையே. தனியாக இருக்கும் பாட்டிமார்களையும் கணவரை இழந்தவர்களையும் புடைக்கிற வேலைக்குக் கூப்பிட்டு, கூலியில் ஒரு பங்கைப் பருப்பாகக் கொடுங்கள். வேலையும் செய்ய முடியாதவர்களுக்கு அரை மூட்டை தனியாக எடுத்து வையுங்கள், அதை வியாபாரக் கணக்கில் எழுதாதீர்கள். வடலூரில் 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அது தர்மசாலை, அங்கே லாப நஷ்டம் பார்ப்பதில்லை. உங்களுக்கு இரண்டும் வேண்டும், ஆனால் இரண்டு நோட்டில்.

இரண்டு பங்குனி இப்படி ஓட்டிவிட்டு, நோட்டைத் தூக்கிக்கொண்டு வங்கிக்குப் போங்கள். அப்போது இயந்திரம் கேட்கலாம். சத்துமாவுக்கா, தோல் நீக்கும் சின்ன மில்லுக்கா என்பது அதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும். இப்போதைக்கு ஒரு நல்ல தராசு வாங்குங்கள், மாசி முடிவதற்குள்.